சுங்கை சிப்புட்டிலிருந்து வேதி இயற்பியல் விரிவுரையாளர் வேலை வரை: வழியும் வழுக்கும் இடங்களும்

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறங்களில், ரப்பர் மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) வடிந்த பால் நேரம் ஆக ஆகத் தானாகவே கட்டிப்படுகிறது. அமோனியா விட்டால் கெடாமல் நிற்கிறது. ஃபார்மிக் அமிலம் விட்டால் சீக்கிரமே உறைகிறது. ரப்பர்த் துகள்களைச் சுற்றிப் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு தோல் இருக்கிறது. அந்தத் தோலில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் துகள்கள் ஒன்றை ஒன்று தள்ளுகின்றன. அமிலம் அந்த ஏற்றத்தைக் கொன்றுவிட்டால் தள்ளுவிசை போய்விடும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும். நேரம் ஆகும்போது பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அமிலமும் இதே வேலையைச் செய்கிறது. இதுவரை சொன்னது தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு துகள்களுக்கு நடுவே எவ்வளவு தூரத்தில் எவ்வளவு விசை, அமிலம் ஒரு சொட்டு கூடினால் அந்த விசை எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டு, அளந்து, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பவர் வேதி இயற்பியலாளர். மூலக்கூறுகள்தான் அவர் படிக்கும் பொருள், கையில் இருப்பது இயற்பியலின் கருவி.

இந்தத் துறைக்கென்று அமெரிக்காவில் ஓர் ஆய்விதழ் 1933-இல் தொடங்கியது. கன ஹைட்ரஜனைக் கண்டுபிடித்த ஹெரால்ட் யூரே அதன் முதல் ஆசிரியர். மறு ஆண்டே அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1998-இல் அதே பரிசை வாங்கிய வால்டர் கோன் முனைவர் பட்டம் பெற்றது இயற்பியலில். இரண்டு வாசலிலும் நுழையலாம் என்பதற்கு இந்த இரண்டு பெயர் போதும். மலேசியாவில் பெரும்பாலும் வேதியியல் துறை அல்லது இயற்பியல் துறை வழியாகத்தான் இதற்குள் போக முடியும். வெளிநாட்டில் ஹார்வர்டு, மேரிலாந்து போன்ற சில பல்கலைக்கழகங்களில் இந்தப் பெயரிலேயே முனைவர் படிப்பு உண்டு.

வீட்டில் “டாக்டர்னா ஊசி போடுற டாக்டரா?” என்று கேட்பார்கள். ஊசி போடாத டாக்டர்தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது பணக் கவலை. அதற்கான பதிலைக் கீழே பணத்தைப் பற்றிய பகுதியில் தருகிறோம், அதை அப்பா அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

படிவம் 4

2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பெயர்கள் போய், பாடத் தொகுப்புகள் வந்துவிட்டன. தொகுப்பின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் மூன்றும் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உயிரியல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இந்த வழிக்கு நட்டமில்லை. சிறிய பள்ளிகளில் ஆள் சேராவிட்டால் கூடுதல் கணித வகுப்பையோ இயற்பியல் வகுப்பையோ திறக்க மாட்டார்கள். படிவம் 3 முடியும் முன்பே பெற்றோர் பள்ளிக்குப் போய் அடுத்த ஆண்டு எந்தத் தொகுப்பு திறக்கும் என்று கேட்டுவிட வேண்டும். ஜனவரியிலோ மார்ச்சிலோ போய்க் கேட்டால் இருக்கிற வகுப்பில்தான் உட்கார வைப்பார்கள்.

படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியையும் வரலாற்றையும் அலட்சியம் செய்யாதீர்கள். இரண்டிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் சான்றிதழே கிடையாது. அதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கு எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் (வெறும் தேர்ச்சிக்கு மேலான தரம்) கேட்பார்கள். வெளிநாட்டில் முனைவர் பட்டம் வாங்கி, நல்ல ஆய்விதழ்களில் எழுதி, முப்பத்தைந்து வயதில் திரும்பி வருகிறவரை 17 வயதுத் தாள் ஒன்று வாசலில் நிறுத்திவிடும். கிரெடிட் வரவில்லை என்றால் அந்த ஒரு பாடத்தை மட்டும் மறுபடி எழுதலாம். அதை உடனே எழுதிவிடுங்கள்.

ஆர்வம் உண்மையானதா என்று பார்க்க டியூஷன் தேவையில்லை. ஒரு சென்டிமீட்டர் அகலமான ரப்பர் பேண்டு ஒன்றை எடுத்து, நான்கைந்து மடங்கு நீளத்துக்கு வெடுக்கென இழுத்து, உடனே மேலுதட்டில் வையுங்கள். சூடு தெரியும். இழுத்தபடியே அரை நிமிடம் காத்திருந்து, சட்டென்று தளர்த்தி மறுபடி உதட்டில் வைத்தால் குளிரும். மெதுவாக இழுத்தால் சூடு காற்றில் போய்விடும், மெல்லிய பேண்டிலும் அவ்வளவாகத் தெரியாது. அடுத்து, அதே பேண்டில் இரண்டு மடங்கு நீளும் அளவுக்கு எடை தொங்கவிட்டு, பக்கத்தில் ஓர் அடிக்கோலை நிறுத்தி, முடி உலர்த்தியால் சூடான காற்று ஊதுங்கள். கம்பியாக இருந்தால் நீளும். ரப்பரோ சுருங்கி எடையை மேலே தூக்கும். எடை மிகக் குறைவாக இருந்தால், அதாவது நீட்சி பத்து விழுக்காட்டுக்கும் கீழே இருந்தால், ரப்பரும் சாதாரணப் பொருள் போலவே நீண்டு உங்களைக் குழப்பும்.

ஜான் கஃப் இதை 1805-லேயே எழுதி வைத்தார், பின்னால் ஜூல் அளந்து உறுதிசெய்தார். நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கலைந்து சுருண்டு கிடக்க விரும்புவதுதான் காரணம். இந்த விளக்கத்தைக் கேட்டதும் “எத்தனை டிகிரி ஏறும், அதை எப்படிக் கணக்குப் போடுவது?” என்று கேட்கத் தோன்றுகிற பிள்ளைக்கு இந்த வழி பொருந்தும். “சரி, அதனால் என்ன?” என்று தோன்றினால் அதுவும் நேர்மையான பதில்தான். வேதிப் பொறியியல் பக்கம் போகலாம், சம்பளமும் சீக்கிரம் வரும்.

ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா?

கோப்பெங்கில் பேரா மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. ஓராண்டில் முடியும், கையில் படிப்பணமும் கிடைக்கும், வீட்டுக்கும் பக்கம். ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். இடம் கிடைத்தும் மெட்ரிகுலேஷனை விட்டுவிடச் சொன்னால் பல வீடுகளில் சண்டை வரும். இருந்தாலும் இந்தத் துறைக்கு எஸ்.டி.பி.எம். நல்லது என்பது எங்கள் கருத்து. முதல் பருவ வேதியியல் முழுக்க இயற்பிய வேதியியல், முதல் பருவ இயற்பியல் இயக்கவியலும் வெப்ப இயக்கவியலும். இரண்டையும் கணிதத்தோடு ஒரே நேரத்தில் படிக்கிற வாய்ப்பு வேறு எங்கும் இவ்வளவு ஆழமாகக் கிடைக்காது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் அந்தத் தாள் தெரியும். குடும்ப நிலைமை இந்தக் கூடுதல் தாமதத்தைத் தாங்காது என்றால் மெட்ரிகுலேஷனுக்கே போங்கள். பட்டப்படிப்பில் கணக்கைக் கூட்டிக்கொண்டால் அந்த இடைவெளியை அடைத்துவிடலாம்.

எஸ்.டி.பி.எம். எடுத்தால் முயெட் ஆங்கிலத் தேர்வையும் எழுத வேண்டும். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூ.பி.யூ. தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு பாடங்களுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. அந்தப் பத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, பாடத்தில் அரைப்புள்ளிக்காக அழுகிற பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. செம்பிறைச் சங்கமோ சாரணரோ ஏதாவது ஒன்றில் பதவியோடு இரண்டு ஆண்டு இருங்கள், சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்.

பட்டம்: எந்த வாசல்?

மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், பாங்கியின் தேசியப் பல்கலைக்கழகம், செர்டாங்கின் புத்ரா பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் வேதியியலும் இயற்பியலும் தனித்தனிப் பட்டங்களாக உண்டு. தனியாரில் கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது. சுங்கை சிப்புட் நிலையத்தில் இ.டி.எஸ். ரயில் நிற்பதால் பினாங்குப் பக்கமும் கோலாலம்பூர்ப் பக்கமும் வார இறுதியில் வந்து போகலாம்.

தோட்டப்புறக் குடும்பத்துப் பிள்ளைக்கு எங்கள் பரிந்துரை இதுதான்: பட்டம் வேதியியலில், விருப்பப் பாடங்கள் முழுக்கக் கணிதத்திலும் இயற்பியலிலும். மலேசியாவில் வேதியியலாளராகத் தொழில் செய்ய 1975-ஆம் ஆண்டு வேதியியலாளர் சட்டத்தின்படி பதிவு வேண்டும். அங்கீகாரம் பெற்ற வேதியியல் பட்டம் இருந்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். முனைவர் பட்டம் வரை போகாமல் நடுவில் நின்றாலும் செம்பனை ஆலை ஆய்வகமோ கையுறைத் தொழிற்சாலையோ கைகொடுக்கும். இயற்பியல் பட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கணக்கில் மிகக் கெட்டி, குவாண்டம் கோட்பாடுதான் வேண்டும் என்கிற பிள்ளை மட்டும் இயற்பியலுக்குப் போகட்டும்.

வேதியியல் வாசலில் நுழைகிறவர்கள் வழுக்கும் இடம் கணக்கு. கட்டாயப் பாடத்தில் கொடுக்கிற கணக்கு போதாது. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், பல மாறி நுண்கணிதம், நிகழ்தகவு நான்கையும் படித்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் குவாண்டம் இயக்கவியலை இயற்பியல் துறையில் போய் எடுங்கள், புள்ளியியல் இயக்கவியலையும் விடாதீர்கள். நேரம் இடித்தால் அந்த விரிவுரையாளரிடம் சொல்லி, மதிப்பெண் இல்லாமல் உட்கார்ந்தாவது கேளுங்கள். இந்தியாவின் என்.பி.டி.இ.எல். காணொளிகளும் எம்.ஐ.டி.யின் திறந்த பாடங்களும் இலவசம்.

எந்த அளவுக்குக் கணக்கு வர வேண்டும் என்பதற்கு ஒரு சோதனை. பத்து டிகிரி கூடினால் வினைவேகம் இரட்டிக்கும் என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். எல்லா வினைக்கும் அப்படியா? வெப்பநிலையையும் வினைவேகத்தையும் இணைக்கும் அர்ரீனியஸ் சமன்பாட்டில் 298-ஐயும் 308 கெல்வினையும் போட்டுப் பாருங்கள். கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய தடை, மோலுக்கு ஏறக்குறைய 53 கிலோஜூல் இருந்தால் மட்டுமே அது உண்மை. 298 கெல்வினில் வெப்ப ஆற்றல் மோலுக்கு 2.48 கிலோஜூல்தான். அப்படியானால் அந்தத் தடையைத் தாண்டும் அளவு ஆற்றல் ஏறத்தாழ இருநூறு கோடியில் ஒரு பங்குக்கு மட்டுமே கிடைக்கிறது. இந்தக் கணக்கைப் புத்தகம் பார்க்காமல், முதலாம் ஆண்டு முடிவில் ஒரு தாளில் போட முடிந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

மடிக்கணினியும் கடைசி ஆண்டு ஆய்வும்

துறையில் மூன்று பெரிய பிரிவுகள் உண்டு: ஒன்று கோட்பாடும் கணினியும்; இரண்டு லேசரும் நிறமாலையும்; மூன்று பரப்புகள், கூழ்மங்கள், பாலிமர்கள் போன்ற மென்பொருண்மை. மிகமிகக் குறுகிய துடிப்பாக ஒளிவிடும் ஃபெம்டோவினாடி லேசர் வைத்து ஒரு வேதிப்பிணைப்பு உடைவதைப் பார்த்ததற்கு அகமது ஸெவைலுக்கு 1999-இல் நோபல் கிடைத்தது. அந்த மாதிரி ஆய்வகத்துக்குக் காசும் ஆளும் வேண்டும், அதனால் பட்டப்படிப்பிலேயே அதற்கு ஆசைப்பட்டு உட்கார வேண்டாம். மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியை அளக்கும் ராமன் நிறமாலைமானி பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. சர் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928-இல் கண்டறிந்த அதே சிதறல்தான். அதில் கை பழகுங்கள். ரப்பரும் பனை எண்ணெயும் நம் நாட்டில் கொட்டிக் கிடக்கின்றன. பனை எண்ணெய் குளிரும்போது எந்தப் படிக வடிவத்தில் உறைகிறது, அந்த வடிவம் ஏன் மார்ஜரினுக்கு மிருதுவைத் தருகிறது என்பதெல்லாம் முழு வேதி இயற்பியல். இவை விளையாத நாடுகளில் இருப்பவர்கள் இந்த மாதிரிப் பொருளைத் தபாலில் வரவழைக்க வேண்டும்.

கணினிப் பிரிவுக்கு 16 ஜிகாபைட் நினைவகமுள்ள மடிக்கணினி போதும். லினக்ஸ் போடுங்கள், பைத்தான் படியுங்கள். மூலக்கூறுகளைக் கணக்கிடும் நிரல்களில் கல்வியாளர்களுக்கு ஓர்கா இலவசம், குரோமாக்ஸ், லாம்ப்ஸ், குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ எல்லாருக்கும் இலவசம். தண்ணீர் மூலக்கூறில் தொடங்கி, பிணைப்பு நீளம், கோணம், அதிர்வு அலைவெண் மூன்றையும் கணக்கிட்டு, அளந்த மதிப்போடு ஒப்பிடுங்கள்.

இங்கே எல்லாரும் செய்கிற தவறு, துல்லியமான முறையை எடுத்துக்கொண்டு பெரிய மூலக்கூறில் இறங்குவது. சி.சி.எஸ்.டி.(டி) என்ற முறையின் செலவு மூலக்கூறு அளவின் ஏழாம் அடுக்கில் ஏறும். மூலக்கூறு இரட்டித்தால் நேரம் 128 மடங்கு. துல்லியம் குறைந்த, செலவும் குறைந்த அடர்த்திச் சார்பு முறையில் அது தோராயமாக எட்டு மடங்கு. ஓர் இரவில் முடிந்த வேலை, ஒரே ஒரு பென்சீன் வளையம் கூடியதும் மாதக்கணக்கில் இழுப்பதற்குக் காரணம் இதுதான்.

பணமும் மேற்பார்வையாளரும்

பட்டப்படிப்புக்கு அரசின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன், பொதுச் சேவைத் துறையின் (ஜே.பி.ஏ.) உபகாரச் சம்பளம், அறக்கட்டளைகள் உண்டு. முதல் வகுப்பு ஹானர்ஸ் வாங்கினால் பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். நிபந்தனைகள் மாறுவதுண்டு, ஒப்பந்தம் போடும் ஆண்டின் விதியைப் படித்துவிடுங்கள்.

முனைவர் படிப்பு வேறு மாதிரி. இயற்கை அறிவியலில் நல்ல இடத்தில் முனைவர் படிப்புக்கு மாணவர் காசு கட்டுவதில்லை, மாணவருக்குத்தான் காசு கொடுப்பார்கள். அமெரிக்காவில் இளங்கலையோடு நேரே சேரலாம். ஐந்தாறு ஆண்டு ஆகும், பாடம் நடத்த உதவுவதற்கோ ஆய்வுக்கோ மாதப்பணமும் கட்டண விலக்கும் கிடைக்கும். சிங்கப்பூரில் சிங்கா உபகாரச் சம்பளம், ஜப்பானில் தூதரகம் வழியான மெக்ஸ்ட், ஜெர்மனியில் டி.ஏ.ஏ.டி. உண்டு. ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் கோட்பாட்டு வேதியியலுக்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. வீட்டை அடகு வைத்து முனைவர் படிப்புக்குப் போகச் சொல்கிற முகவர் யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

உள்நாட்டில் பெரும்பாலும் மேற்பார்வையாளரின் மானியத்திலிருந்துதான் மாதப்பணம் வரும். உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியம் பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குத் தரப்படுகிறது. முனைவர் படிப்போ மூன்றரை, நான்கு ஆண்டுக்கு இழுக்கும். மானியத்தின் இரண்டாம் ஆண்டில் சேர்கிற மாணவர், கடைசி ஒன்றரை ஆண்டைச் சொந்தக் காசில் ஓட்ட வேண்டி வரும். பலர் ஆய்வேட்டை எழுதாமல் வேலைக்குப் போய்விடுவது அந்தக் காலத்தில்தான். சேரும் முன்பே மானியம் எந்த மாதம் முடிகிறது, முடிந்த பிறகு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நல்ல மேற்பார்வையாளர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே ஒரு தகவல்.

அவரைப் பற்றி வெளியில் தெரிந்துகொள்ள வேண்டியதையும் முதலிலேயே தேடிவிடுங்கள். கடைசி ஐந்து ஆண்டுக் கட்டுரைகளை எடுத்து, முதல் பெயராக மாணவர் இருக்கிறாரா, எப்போதும் பேராசிரியரே இருக்கிறாரா என்று பாருங்கள். அவரிடம் முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். இப்போதைய மாணவர் இருவரிடமாவது தனியாகப் பேசுங்கள்: வாரத்துக்கு ஒருமுறை சந்திப்பாரா, கருவி பழுதானால் யார் பார்ப்பது, வரைவைத் திருப்பித் தர எத்தனை வாரம்? புகழ் பெற்ற பெயரைவிட இந்த மூன்றுக்கும் வருகிற பதில் பெரிது.

அவருக்கு எழுதும் மின்னஞ்சல் 200 சொல்லைத் தாண்டக்கூடாது. முதல் வரியில் யார், எங்கே, எந்த ஆண்டு. அடுத்து அவருடைய ஒரு குறிப்பிட்ட கட்டுரையில் எது உங்களை நிறுத்தியது என்று இரண்டு வரி. அடுத்து நீங்கள் செய்த ஆய்வு, தெரிந்த கருவி அல்லது நிரல். கடைசியாக, எந்தப் பருவத்துக்கு இடம் தேடுகிறீர்கள், எந்த உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள். இரண்டு பக்கத் தன்விவரமும் மதிப்பெண் பட்டியலும் ஒரே பி.டி.எஃப். கோப்பில், உங்கள் பெயரே கோப்பின் பெயராக இருக்கட்டும். “மதிப்பிற்குரிய ஐயா” என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் போகிறது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பெண் பேராசிரியருக்கும் அதே ஐயா போனால் கேட்கவே வேண்டாம். அமெரிக்க இடங்கள் பல டிசம்பரில் மூடும், எனவே ஆகஸ்ட், செப்டம்பரில் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல். அதோடு விடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். கடைசி ஆண்டில் ஓடிப்போய்க் கேட்டால் “நல்ல மாணவர், ஒழுங்காக வகுப்புக்கு வருவார்” என்றுதான் எழுதித் தருவார்கள். அந்தக் கடிதம் யாருக்கும் இடம் வாங்கித் தராது. இரண்டாம் ஆண்டு விடுமுறையிலிருந்தே ஓர் ஆய்வகத்தில் வேலை செய்திருந்தால்தான் உங்களைப் பற்றி எழுத அவரிடம் ஏதாவது இருக்கும்.

முனைவர் ஆண்டுகள்

முதல் ஆறு மாதத்தில் ஏற்கெனவே வெளிவந்த ஒரு முடிவைத் திரும்ப எடுத்துக் காட்டுங்கள். புதிதாக ஒன்றைத் தேடி ஓராண்டு அலைந்தபின், கருவியின் அளவுதிருத்தமே தவறு என்று கண்டுபிடிப்பதைவிட இது நல்லது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் தேதி, அறை வெப்பநிலை, ஈரப்பதம், மாதிரி எண் எல்லாம் குறிப்பேட்டில் இருக்க வேண்டும். நம் நாட்டு ஈரப்பதம் நீரை உறிஞ்சும் மாதிரிகளைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். மூலத்தரவு மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு கட்டடத்தில்.

ஒளிமுடுக்கி (சிங்க்ரோட்ரான், எலெக்ட்ரான்களைச் சுழலவிட்டு மிகப் பிரகாசமான எக்ஸ்-கதிர் தரும் பெரிய நிலையம்) தேவைப்படும் ஆய்வு என்றால் சிங்கப்பூரிலும் தாய்லாந்தின் நக்கோன் ராட்சசீமாவிலும் கிட்டத்தில் இருக்கின்றன. முன்மொழிவு எழுதித்தான் நேரம் வாங்க வேண்டும். கிடைக்கிற சில நாளில் மாதிரி பழுதானால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும், எனவே மாதிரிகளை இரண்டு மடங்காகக் கொண்டுபோங்கள்.

பல பல்கலைக்கழகங்களில் ஆய்வேட்டோடு ஸ்கோப்பஸ் போன்ற பட்டியலில் உள்ள இதழில் கட்டுரையும் கேட்கிறார்கள். அவசரத்தில் காசு வாங்கி இரண்டு வாரத்தில் அச்சிடும் போலி இதழ்களில் விழுந்துவிடாதீர்கள். இன்று பட்டியலில் இருக்கும் அந்த மாதிரி இதழ் நாளை நீக்கப்படும். பழைய சந்தா இதழ்கள் பலவற்றில் ஆசிரியர் காசு கட்ட வேண்டியதே இல்லை. மதிப்பீட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே முதல் கட்டுரையை அனுப்பிவிட வேண்டும். இதழ் ஏற்கும் முன்பே கட்டுரைகளை எல்லாரும் படிக்க வெளியிடும் ஆர்க்கைவ் தளத்தில் வரைவைப் போட்டுவைத்தால் தேதியும் உங்கள் பெயரில் பதிவாகும்.

அதற்குப் பிறகு

முனைவருக்குப் பின்னான ஆய்வாளர் பதவி பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டு ஒப்பந்தம். ஆய்வேடு முடிய பத்து மாதம் இருக்கும்போதே தேடத் தொடங்குங்கள், முனைவர் செய்த இடத்திலேயே தொடராதீர்கள். நுட்பத்தை மாற்றுங்கள்: கணினியில் இருந்தவர் ஒருமுறை ஆய்வகத்துக்கும், நிறமாலையில் இருந்தவர் ஒருமுறை கோட்பாட்டுக்கும். வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் வாங்கிவிட்டு உயிரியலுக்குத் தாவி, 2009-இல் வேதியியல் நோபல் வாங்கினார். எல்லாரும் அவ்வளவு தூரம் தாவ வேண்டியதில்லை. இரண்டு கை பழகியவரைத்தான் துறைகள் எடுக்கின்றன என்பது மட்டும் உண்மை.

விரிவுரையாளர், முதுநிலை விரிவுரையாளர், இணைப்பேராசிரியர், பேராசிரியர் என்ற படிகள் எல்லாருக்கும் தெரிந்தவை. விண்ணப்பத்தில் கற்பித்தலைப் பற்றி ஒரு பக்கம் கேட்பார்கள், அதில் தத்துவம் எழுதாதீர்கள். முதலாம் ஆண்டு வெப்ப இயக்கவியலை 14 வாரத்துக்கு எப்படிப் பிரிப்பீர்கள், பயிற்சிக் கணக்கு எத்தனை, ஆய்வகம் எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் பாடம் நடத்த முடியும் என்பதைச் சொல்லுங்கள்.

முதல் மானிய விண்ணப்பத்தில் புதியவர்கள் கருவியின் விலையை மட்டும் எழுதிப் பராமரிப்பை விட்டுவிடுகிறார்கள். வெற்றிடப் பம்பின் எண்ணெய், திரவ நைட்ரஜன், லேசர் விளக்கு மாற்றுதல், குளிரூட்டி, மின்வெட்டைத் தாங்கும் மின்கலம் எல்லாவற்றுக்கும் வரி வரியாகத் தொகை போடுங்கள். பழுது பார்க்கும் பொறியாளர் சிங்கப்பூரிலிருந்துதான் வருவார் என்றால் அவருடைய பயணச் செலவையும் தங்கும் செலவையும் விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். உத்தரவாதக் காலம் கருவி பெட்டியில் வந்திறங்கிய நாளிலிருந்தா, பொருத்தி ஓடத் தொடங்கிய நாளிலிருந்தா என்பதையும் அதே தாளில் கேட்டுக்கொள்ளுங்கள். அறை தயாராகாமல் பெட்டி ஆறு மாதம் பிரிக்கப்படாமலே கிடப்பது சாதாரணமாக நடக்கிறது.